லேப் டிப் ஓகே, பல்க் என்ன ஆச்சு? – கிரான்பெர்ரியும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் கணக்கும்

அவிநாசியோ திருப்பூரோ, எந்த டிபார்ட்மென்டல் ஸ்டோருக்குள்ள போனாலும் முந்திரி, பாதாம் வரிசைக்குப் பக்கத்துல இப்போ புதுசா ஒரு சிவப்புப் பாக்கெட் தொங்குது. 'டிரைடு கிரான்பெர்ரி'. மேல பெருசா 'ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைந்தது'ன்னு எழுதியிருக்கும். மெடிக்கல் ஷாப்ல அதே பழம் மாத்திரையா, பொடியா, சிரப்பா இருக்கு. 'யூரின் இன்ஃபெக்ஷனுக்கு நல்லது'ன்னு சொல்லிக் குடுக்கறாங்க.

வாங்கறவங்க யாருன்னு பார்த்தா, ஜிம் போற பசங்க மட்டும் இல்லை. பனியன் கம்பெனியில பவர் டேபிள்ல நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கிற அக்காக்களும் வாங்கறாங்க. அவங்க சம்பளத்துல இது சின்னச் செலவு இல்லை. அதனால 'இது நிஜமாவே வேலை செய்யுமா?'ங்கறது பொழுதுபோக்குக் கேள்வி கிடையாது. இந்தக் கட்டுரையில அதைத்தான் படிப்படியா பார்க்கப் போறோம். பயாலஜியை பத்தாவதோட மறந்துட்டேன்னு சொல்றவங்க பயப்பட வேண்டாம். டையிங் யூனிட்ல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சிருந்தா போதும்.

1. ஆக்ஸிடேஷன்: நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச கதை

நிட்டிங் மெஷின்ல இருந்து வர்ற துணி வெள்ளையா இருக்காது. பருத்தியோட இயற்கையான மங்கல் மஞ்சள் நிறத்துல இருக்கும். அதை வெள்ளையாக்க சாஃப்ட் ஃப்ளோ மெஷின்ல ஹைட்ரஜன் பெராக்சைடும் காஸ்டிக் சோடாவும் போட்டு, 90 டிகிரிக்கு மேல சூடாக்கி ப்ளீச் பண்றாங்க. பெராக்சைடு அந்த நிறமிகளைத் தாக்கி, அதுங்க கிட்டருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குது. நிறம் போயிடுது. எலெக்ட்ரானைப் பிடுங்கறதுதான் ஆக்ஸிடேஷன்.

இதே ஹைட்ரஜன் பெராக்சைடு உங்க உடம்புக்குள்ளயும் இந்த நிமிஷம் உருவாகிட்டு இருக்கு. சாப்பிட்ட சாப்பாட்டை ஆக்ஸிஜனோட சேர்த்து செல்கள் சக்தியா மாத்தும்போது, கொஞ்சம் எலெக்ட்ரான் நடுவுல நழுவி ஆக்ஸிஜனோட ஒட்டிக்குது. அப்போ பிறக்கறது சூப்பர்ஆக்சைடு. அதுல இருந்து வர்றது பெராக்சைடு. ஜோடி இல்லாத ஒத்தை எலெக்ட்ரானோட சுத்தற இந்த மாதிரி மூலக்கூறுகளுக்குத்தான் ஃப்ரீ ராடிக்கல்னு பேர். சூப்பர்ஆக்சைடு அந்த வகை. பெராக்சைடு கணக்குப்படி ராடிக்கல் இல்லைன்னாலும் அதே கூட்டணிதான். டி.என்.ஏ., புரதம், செல்லோட கொழுப்புச் சுவர் எதுவா இருந்தாலும் இந்தக் கூட்டம் எலெக்ட்ரானைப் பிடுங்கப் பார்க்கும்.

முதுமைக்கே இதுதான் காரணமா இருக்கலாம்னு 1956-ல டென்ஹாம் ஹார்மன்ங்கற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கருத்தை முன்வெச்சார். ஆன்டி-ஆக்ஸிடன்ட்ங்கற வார்த்தை பாக்கெட்டுக்கு வர்றதுக்கான விதை அங்கதான் விழுந்தது.

2. பெராக்சைடு கில்லர்

ப்ளீச் முடிஞ்சதும் நேரா சாயத்தை ஊத்த முடியாதுன்னு டையிங்ல வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. துணியில மிச்சம் இருக்கிற பெராக்சைடு, போடற சாயத்தையும் தாக்கிடும். ஷேடு வெளுத்துப் போகும், திட்டுத்திட்டா வரும். அதனால நடுவுல 'பெராக்சைடு கில்லர்'னு ஒரு பொருளைப் போடறாங்க. அது என்ன தெரியுமா? கேட்டலேஸ்ங்கற என்சைம். பெராக்சைடை தண்ணியாவும் ஆக்ஸிஜனாவும் உடைச்சுப் போட்டுட்டு அது அப்படியே இருக்கும்.

இப்போ முக்கியமான விஷயம். அதே கேட்டலேஸ் உங்க கல்லீரல்ல இருக்கு, ரத்தத்துல இருக்கு, கிட்டத்தட்ட எல்லா செல்லுலயும் இருக்கு. காயத்துல பெராக்சைடு ஊத்தினா நுரை வருதே, அது இந்த என்சைம் வேலை செய்யறதுதான். சந்தேகமா இருந்தா, வெட்டின உருளைக்கிழங்கு மேல ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க.

சூப்பர்ஆக்சைடைக் கவனிக்க சூப்பர்ஆக்சைடு டிஸ்ம்யூட்டேஸ்னு இன்னொரு என்சைம். அதை 1969-ல மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடிச்சாங்க. இது போக குளூட்டாதையோன்னு ஒரு பெரிய படை இருக்கு. இதெல்லாமே உடம்பு தானே தயாரிச்சுக்கற ஆன்டி-ஆக்ஸிடன்ட். எந்தப் பாக்கெட்டும் தேவையில்லை.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கு. ப்ளீச்சிங் தண்ணியில இரும்பு கலந்துட்டா, இல்ல துணியில துருத்துகள் ஒட்டியிருந்தா, அந்த இடத்துல பெராக்சைடு வெறித்தனமா உடைஞ்சு துணியில ஊசி ஓட்டை விழும். அதனாலதான் இரும்பைக் கட்டிப்போட சீக்வெஸ்டரிங் ஏஜென்ட் போடறாங்க. உடம்புலயும் இரும்பு சும்மா சுத்தினா அதே ஆபத்துதான். அதனால ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின்ங்கற புரதங்கள் இரும்பைப் பூட்டி வெச்சிருக்கு. நம்ம உடம்பு ரொம்ப நல்ல டையிங் மாஸ்டர்.

ஒண்ணு மறந்துடக் கூடாது. ப்ளீச் பண்ணலைன்னா வெள்ளைத் துணியே கிடையாது. அதே மாதிரி உடம்புக்கும் ஆக்ஸிடேஷன் வேணும். கிருமி உள்ள வந்தா வெள்ளை அணுக்கள் சூப்பர்ஆக்சைடையும் பெராக்சைடையும் வேணும்னே தயாரிச்சு அதைக் கொல்லுது. 'ஃப்ரீ ராடிக்கல் = வில்லன்'ங்கற விளம்பரக் கணக்கு இங்கயே தப்பாகுது. வேண்டியது சமநிலை.

3. கிரான்பெர்ரிக்குள்ள என்ன இருக்கு?

கிரான்பெர்ரியோட தாவரப் பேர் வாக்சினியம் மேக்ரோகார்ப்பான். சொந்த ஊர் வட அமெரிக்கா. அமிலத்தன்மை அதிகமான சதுப்பு மண்ணும் நல்ல குளிர்காலமும் இருந்தாத்தான் வளரும். அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம் மட்டுமே பாதிக்கு மேல விளைவிக்குது. அறுவடைக்கு வயல்ல தண்ணியைக் கட்டி, பழத்தை மிதக்க விட்டு அள்ளுவாங்க. சேவூர் காட்டுல இது முளைக்கவே முளைக்காது. ஆனா இதே வாக்சினியம் குடும்பத்துச் செடிகள் நீலகிரி சோலைக் காடுகள்ல இயற்கையாவே இருக்கு.

பழத்துக்கு சிவப்பு நிறம் குடுக்கறது ஆந்தோசயனின். வாயைத் துவர்க்க வைக்கிறது புரோ-ஆந்தோசயனிடின். கொஞ்சம் வைட்டமின் சி-யும் உண்டு. 100 கிராம் பச்சைப் பழத்துல சுமார் 14 மில்லிகிராம். இந்த இடத்துல நம்ம ஊர் கொய்யாவைக் கூப்பிடணும். 100 கிராம் கொய்யாவுல 200 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. நெல்லிக்காயில அதைவிடவும் அதிகம். ஆந்தோசயனின் வேணும்னா ஆடி மாசம் நாக்கை ஊதாவாக்குற நாவல் பழத்துலயே தாராளமா இருக்கு.

பச்சைக் கிரான்பெர்ரியில சர்க்கரை ரொம்பக் கம்மி. 100 கிராமுக்கு 4 கிராம்தான். அதனால புளிப்பு தாங்க முடியாது. உலர வைக்கும்போது சர்க்கரைப் பாகுல ஊற வெச்சுத்தான் எடுக்கறாங்க. அதனால பாக்கெட்ல வர்ற இனிப்பு கிரான்பெர்ரியில 100 கிராமுக்கு சுமார் 70 கிராம் சர்க்கரை. பாக்கெட்டைத் திருப்பி 'இன்கிரீடியன்ட்ஸ்' பாருங்க. எடை அதிகமா இருக்கிறது முதல்லங்கற வரிசையிலதான் அது அச்சாகும். ரெண்டாவது பேரே பெரும்பாலும் சர்க்கரையா இருக்கும்.

இன்னொரு விஷயம். பேக்கரி பன் மேல 'செர்ரி'ன்னு ஒண்ணு உட்கார்ந்திருக்குமே, அது பெரும்பாலும் செர்ரியே இல்லை. சர்க்கரைப் பாகுல ஊறி சிவப்புச் சாயம் ஏறின நம்ம களாக்காய். பெயர்ப்பலகை மாறினா விலையும் மாறும்ங்கறதுக்கு அது ஒரு பாடம்.

4. 'ஆன்டி-ஆக்ஸிடன்ட் பவர்' எப்படி அளக்கறாங்க?

பழச்சாறுல எவ்வளவு ஆன்டி-ஆக்ஸிடன்ட் சக்தின்னு அளக்க டி.பி.பி.எச்.னு ஒரு டெஸ்ட் பிரபலம். நம்ம காலேஜ் லேப்லயே பண்ணலாம். டி.பி.பி.எச். கரைசல் ஆழ்ந்த ஊதா நிறம். அதுவும் ஒத்தை எலெக்ட்ரானோட இருக்கிற ராடிக்கல்தான். பழச்சாறை விட்டதும் எலெக்ட்ரான் கிடைச்சு அமைதியாகி மஞ்சளாயிடும். ஊதா எவ்வளவு குறைஞ்சதுன்னு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல 517 நானோமீட்டர்ல பார்த்தா மார்க் வந்துடும். கிரான்பெர்ரிக்கு இந்த மாதிரி டெஸ்ட்கள்ல நல்ல மார்க்தான், அதுல சந்தேகமே இல்லை.

ஆனா டையிங் லேப்ல இருக்கிறவங்களைக் கேளுங்க. சின்ன பீக்கர்ல 5 கிராம் துணியை நனைச்சு 'லேப் டிப்' எடுப்பாங்க. ஷேடு அச்சு அசலா பொருந்தும். பார்ட்டி அப்ரூவ் பண்ணிடுவார். அதே ரெசிப்பியை 500 கிலோ பல்க்ல போட்டா ஷேடு வேற மாதிரி வந்து நிக்கும். ஏன்னா தண்ணி வேற, சூடு ஏறுற வேகம் வேற, துணிக்கும் தண்ணிக்கும் உள்ள விகிதம் வேற.

டி.பி.பி.எச். மார்க் ஒரு லேப் டிப். மனுஷ உடம்புதான் பல்க். நடுவுல என்னென்ன மாறுதுன்னு பாருங்க.

முதலாவது, உள்ள போறதே கம்மி. ஆந்தோசயனின் குடல்ல இருந்து ரத்தத்துக்கு முழு உருவத்துல போறது மிகச் சிறிய பங்குதான். மீதியைப் பெருங்குடல் பாக்டீரியா உடைச்சு வேற பொருளா மாத்திடுது. டெஸ்ட் ட்யூப்ல மார்க் வாங்கின மூலக்கூறும் ரத்தத்துல சுத்துற மூலக்கூறும் ஒண்ணே இல்லை.

ரெண்டாவது, மார்க் ஏறினாலும் காரணம் வேறயா இருக்கலாம். ஆப்பிள் சாப்பிட்ட உடனே ரத்தத்தோட ஆன்டி-ஆக்ஸிடன்ட் திறன் ஏறுறதை லோட்டிட்டோ, ஃப்ரை ரெண்டு பேரும் 2004-ல ஆராய்ஞ்சாங்க. ஏத்தினது ஆப்பிளோட பாலிஃபினால் இல்லை. பழச்சர்க்கரை யூரிக் அமிலத்தைக் கூட்டினதுதான் காரணம்.

மூணாவது, அளவு. கடலைக்காயில ரெஸ்வெரட்ரால் இருக்கு, அதனால இளமை காக்கும்னு ஃபார்வேர்டு பார்த்திருப்பீங்க. இருக்கறது உண்மைதான். கிராமுக்கு அதிகபட்சம் 2 மைக்ரோகிராம் போல. மனுஷங்க மேல நடந்த ஒரு ஆய்வுல குடுத்த டோஸ் தினமும் 150 மில்லிகிராம். வகுத்துப் பாருங்க: தினமும் 75 கிலோ கடலைப் பருப்பு சாப்பிடணும்! 'இருக்கு'ங்கற வார்த்தைக்குப் பின்னாடி 'எவ்வளவு'ன்னு கேட்காம விடக் கூடாதுங்கறது இதுக்குத்தான்.

உணவுப் பொருள்களுக்கு 'ஓராக்'னு ஒரு ஆன்டி-ஆக்ஸிடன்ட் மார்க் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை இணையத்துல வெச்சிருந்தது. கம்பெனிகள் அந்த எண்ணை விளம்பரத்துல போட்டுக்க ஆரம்பிச்சாங்க. 2012-ல துறையே பட்டியலை எடுத்துடுச்சு. அந்த எண்ணுக்கும் மனுஷ உடம்புல நடக்கிற பலனுக்கும் தொடர்பு காட்ட முடியலைங்கறதுதான் காரணம்.

5. பல்க்ல போட்டுப் பார்த்தப்போ

'சரி, நிறைய ஆன்டி-ஆக்ஸிடன்ட் குடுத்தா நல்லதுதானே நடக்கும்?' இதையும் சோதிச்சுப் பார்த்தாங்க. ஃபின்லாந்துல புகைபிடிக்கிற 29,133 ஆண்களுக்கு பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் குடுத்து வருஷக்கணக்கா கவனிச்ச ஆய்வோட முடிவு 1994-ல வந்துச்சு. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையலை. 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவுல 18,000 பேருக்கு மேல வெச்சு நடந்த இன்னொரு ஆய்வுல பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-வையும் சேர்த்துக் குடுத்தாங்க. அதுலயும் புற்றுநோய் 28 சதவீதம் கூடுதலா தெரிஞ்சதால 1996-ல நடுவுலயே நிறுத்திட்டாங்க.

ஜிம் நண்பர்களுக்கு ஒண்ணு. 2009-ல ஜெர்மனியில ரிஸ்டோ குழு நடத்தின ஆய்வு. நாலு வாரம் உடற்பயிற்சி செஞ்சவங்கள்ல பாதிப் பேருக்கு தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் குடுத்தாங்க. மாத்திரை சாப்பிடாதவங்களுக்கு இன்சுலின் வேலை செய்யற திறன் கூடிச்சு. சாப்பிட்டவங்களுக்கு அந்தப் பலன் வரலை. பயிற்சியில உண்டாகற கொஞ்ச ஆக்ஸிடேஷன்தான் 'பலப்படுத்திக்கோ'ன்னு உடம்புக்குச் சிக்னல் குடுக்குது. அதை மாத்திரை போட்டு அமுக்கிட்டா சிக்னலும் போச்சு.

அப்போ பழமே வேண்டாமா? அப்படி இல்லை. பழமும் காயும் நிறைய சாப்பிடறவங்க ஆரோக்கியமா இருக்காங்கன்னு பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுது. நார்ச்சத்து, பொட்டாசியம், ஃபோலேட் எல்லாம் சேர்ந்து செய்யற வேலை அது. அதுல இருந்து ஒரு மூலக்கூறை மட்டும் உருவி மாத்திரையாக்கினா அதே பலன் வரும்ங்கறதுதான் நிக்கலை.

6. சிறுநீர்த் தொற்று: கிரான்பெர்ரி பாஸ் ஆன பரீட்சை

இங்கதான் கதை திரும்புது. கிரான்பெர்ரிக்கு உருப்படியான ஆதாரம் இருக்கிற ஒரே பெரிய இடம் சிறுநீர்த் தொற்று. அதுக்கும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் வேலைக்கும் சம்பந்தமே இல்லைங்கறதுதான் சுவாரசியம்!

தொற்று எப்படி வருது? முக்கால்வாசிக்கும் மேல காரணம் ஈ.கோலைங்கற குடல் பாக்டீரியா. பெண்களோட சிறுநீர்க் குழாய் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்குச் சுமார் 20. தூரம் கம்மிங்கறதால கிருமி சுலபமா மேல ஏறிடுது. பெண்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாள்ல ஒருமுறையாவது வந்துடுது. இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை, இது உடம்போட அமைப்பு.

ஏறின கிருமி சிறுநீர்ல அடிச்சுட்டுப் போகாம இருக்க, தன் உடம்புல இருக்கிற மயிர் மாதிரியான கொக்கிகளால பையோட சுவரைப் பிடிச்சுக்குது. வெல்க்ரோ மாதிரி. 1984-ல சொபோட்டாங்கற ஆய்வாளர், கிரான்பெர்ரிச் சாறு இருந்தா ஈ.கோலை செல்கள்ல ஒட்டறது குறையுதுன்னு காட்டினார். அதுவரைக்கும் 'சாறு சிறுநீரைப் புளிப்பாக்குது, அதனால கிருமி சாகுது'ன்னுதான் நினைச்சிருந்தாங்க. 1998-ல ஹவல் குழு ஒட்டவிடாம தடுக்கிற பொருளைப் பிரிச்சுக் காட்டினாங்க. அதுதான் துவர்ப்பு குடுக்கிற புரோ-ஆந்தோசயனிடின். அதுலயும் 'ஏ-டைப்' பிணைப்பு இருக்கிறது. திராட்சை, ஆப்பிள் மாதிரி பல பழங்கள்ல அதிகமா இருக்கிறது 'பி-டைப்'.

இதுவும் லேப் டிப்தானே, பல்க்? அது இப்படி ஏறி இறங்கிச்சு:

• 1994: 153 வயதான பெண்கள், தினமும் 300 மில்லி பானம். சிறுநீர்ல கிருமி இருக்கிறது குறைஞ்சது. ஆனா கிரான்பெர்ரி கூட்டுறவு நிறுவனமான ஓஷன் ஸ்ப்ரே அந்த ஆய்வுக்கு ஆதரவு குடுத்திருந்தது. அதையும் கணக்குல வெச்சுக்கணும்.
• 2012: காக்ரன் அமைப்பு 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சாறைப் பரிந்துரைக்க முடியாதுன்னு சொல்லிச்சு.
• 2016: முதியோர் இல்லங்கள்ல 185 பெண்களுக்கு ஒரு வருஷம் மாத்திரை குடுத்துப் பார்த்ததுல வித்தியாசம் இல்லை.
• 2020: 'திரும்பத் திரும்பத் தொற்று வர்ற பெண்களுக்கு உதவலாம், ஆனா ஆதாரம் குறைவு'ங்கற மாதிரி கவனமான வாசகத்தோட லேபிள்ல போட்டுக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புக்கிச்சு.
• 2023: காக்ரன் மறுபடி 50 ஆய்வுகள், 8,857 பேரைத் தொகுத்தது. அடிக்கடி தொற்று வர்ற பெண்கள்ல ஆபத்து சுமார் 26 சதவீதம் குறையுது. அடிக்கடி வர்ற குழந்தைகளுக்கும் பலன் தெரிஞ்சது. காப்பகத்துல இருக்கிற முதியவங்க, கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பை முழுசா காலியாகாத பிரச்சினை இருக்கிறவங்க – இவங்களுக்குப் பலன் தெரியலை.

26 சதவீதம்னா என்ன? ஒரு உதாரணம். அடிக்கடி தொற்று வர்ற 100 பேர்ல, சும்மா விட்டா 30 பேருக்கு மறுபடி வரும்னு வெச்சுக்குவோம். கிரான்பெர்ரியால அது 22 ஆகும். எட்டுப் பேர் தப்பிச்சாங்க. நல்ல விஷயம்தான், ஆனா மாயம் இல்லை. கவனிக்க வேண்டியது: இது வராம தடுக்கறதுக்கு. வந்த தொற்றை இது குணப்படுத்தாது.

7. சேவூர் கடலைக்காய்க்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அவிநாசியில இருந்து புளியம்பட்டி போற ரோட்டுல சேவூர். அங்க ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல நடக்கிற நிலக்கடலை ஏலம் நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும். கடலைப் பருப்பு மேல சிவப்பா ஒரு மெல்லிய தோல் இருக்கும்ல, வறுத்ததும் கையில தேய்ச்சு ஊதித் தள்ளுவோமே, அந்தத் தோல்ல இருக்கிறதும் ஏ-டைப் புரோ-ஆந்தோசயனிடின்தான்! 1999-லயே பிரிச்செடுத்துப் பதிவு பண்ணியிருக்காங்க. அமெரிக்கப் பழத்தோட பெருமைக்குரிய மூலக்கூறோட சொந்தக்காரங்க சேவூர் ஏலத்துல மூட்டை மூட்டையா வந்து இறங்கறாங்க.

உடனே 'கடலைத் தோல் யூரின் இன்ஃபெக்ஷனைத் தடுக்கும்'னு ஸ்டேட்டஸ் வெச்சுடாதீங்க. இவ்வளவு நேரம் படிச்சதோட பரீட்சை இதுதான். ஒரே குடும்பத்து மூலக்கூறு இருக்கறது லேப் டிப். மனுஷங்களுக்குக் குடுத்து, கட்டுப்பாட்டுக் குழுவோட ஒப்பிட்டு, தொற்று குறைஞ்சதுன்னு காட்டறது பல்க். கிரான்பெர்ரிக்கே ஆதாரம் ஓரளவு நிக்க 1984-ல இருந்து 2023 வரைக்கும் ஆச்சு. கடலையை அதோட புரதத்துக்காகவும் (100 கிராமுக்கு சுமார் 25 கிராம்) நல்ல கொழுப்புக்காகவும் சாப்பிடுங்க. தோலோட சாப்பிட்டா துவர்ப்பும் நாரும் கூடுதல் வரவு. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லலாம்.

8. விலை இல்லாத மருந்து

2018-ல ஒரு ஆய்வு வெளியாச்சு. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வர்ற, தினமும் ஒன்றரை லிட்டருக்கும் கம்மியா நீராகாரம் குடிக்கிற 140 பெண்கள். பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலா தண்ணி குடிக்கச் சொன்னாங்க, ஒரு வருஷத்துக்கு. முடிவு: குடிக்காத குழுவுல ஆளுக்குச் சராசரி 3.2 தடவை தொற்று. குடிச்சவங்களுக்கு 1.7. கிட்டத்தட்ட பாதி. கிரான்பெர்ரியோட 26 சதவீதத்தையும் இதையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான், ரெண்டும் வேற வேற ஆய்வு, வேற வேற அளவுகோல். ஆனா ஒண்ணுக்குப் பில் போடறாங்க, இன்னொண்ணு குழாய்ல வருது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, பவர் டேபிள்ல உட்கார்ற பல பெண்கள் வேணும்னே தண்ணி குடிக்கறதைக் குறைச்சுக்கறாங்க. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும்போது எழுந்து போனா எண்ணிக்கை குறையும். லைன்ல நடுவுல ஒருத்தர் எழுந்தா பின்னாடி பீஸ் தேங்கும், சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்ப்பார். டாய்லெட் சுத்தமா இல்லைன்னா மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கறதே பழக்கமாயிடும். தண்ணி கம்மி, அடக்கறது அதிகம், கிருமிக்கு ஒட்டிக்க நேரம் தாராளம். அப்புறம் எரிச்சல், காய்ச்சல், லீவு, சம்பளப் பிடித்தம், கடைசியா மெடிக்கல் ஷாப்ல கிரான்பெர்ரி சிரப்.

குடிநீர் வசதியும் கழிப்பறையும் முதலாளி பார்த்துக் குடுக்கிற சலுகை இல்லை. 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்துலயே 18-ஆவது பிரிவு குடிநீருக்கு, 19-ஆவது பிரிவு கழிப்பறைக்குன்னு இருந்தது. நம்மள்ல பல பேர் டிகிரி முடிச்சுட்டு இதே கம்பெனிகள்ல ஐ.இ., புரொடக்ஷன் பிளானிங்னு உட்காரப் போறோம். லைன் பேலன்ஸிங் கணக்குல பீஸுக்கு எத்தனை நொடின்னு 'சாம்' போடும்போது, ஆள் எழுந்து தண்ணி குடிச்சு பாத்ரூம் போற நேரத்தையும் அலவன்ஸா சேர்க்கணும்னு பாடத்துலயே இருக்கு. டார்கெட் கூட்டறதுக்காக அந்த எண்ணை முதல்ல வெட்டறவங்களா நாம இருக்கக் கூடாது.

9. வாங்கறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியவை

• எதுக்காக வாங்கறீங்க? பொதுவா 'ஆன்டி-ஆக்ஸிடன்ட்'க்குன்னா கொய்யா, நெல்லி, நாவல், கீரை போதும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருதுன்னா மட்டும் கிரான்பெர்ரியைப் பத்தி டாக்டர்கிட்ட பேசறதுல அர்த்தம் இருக்கு.
• எவ்வளவு இருக்கு? பல ஆய்வுகள்ல இலக்கா வெச்ச அளவு தினமும் 36 மில்லிகிராம் புரோ-ஆந்தோசயனிடின். லேபிள்ல 'கிரான்பெர்ரி எக்ஸ்ட்ராக்ட்'னு மட்டும் போட்டு அந்த அளவைப் போடலைன்னா, எதை வாங்கறோம்னே தெரியாது.
• சர்க்கரை எவ்வளவு? இனிப்புச் சேர்த்த கிரான்பெர்ரி பானம் ஒரு டம்ளர்ல (240 மில்லி) கிட்டத்தட்ட 30 கிராம், அதாவது ஏழு ஸ்பூன் சர்க்கரை இருக்கலாம். வீட்ல சர்க்கரை நோய் இருந்தா இன்னும் கவனம்.
• வேற மருந்து ஓடுதா? ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்க, சிறுநீரகக் கல் வந்தவங்க டாக்டரைக் கேட்காம ஆரம்பிக்க வேண்டாம்.
• ஏற்கனவே எரிச்சல், காய்ச்சல், முதுகுப்பக்கம் வலி, சிறுநீர்ல ரத்தம் இருக்கா? அப்போ சாறும் வேண்டாம், சிரப்பும் வேண்டாம். பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் சிறுநீர் டெஸ்ட் எடுங்க. தள்ளிப்போட்டா தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிடும். கர்ப்பிணிகள் ஒரு நாள் கூடத் தள்ளக் கூடாது.
• ஆன்டிபயாடிக் குடுத்தா சொன்ன நாள் முழுக்கச் சாப்பிடுங்க. ரெண்டு நாள்ல எரிச்சல் நின்னுடுச்சுன்னு நிறுத்த வேண்டாம்.

அடுத்த தடவை பாக்கெட்ல 'ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைந்தது'ன்னு பார்த்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது லேப் டிப்பா, பல்க்கா? கிரான்பெர்ரிக்கு ஒரு ஆர்டர்ல மட்டும் பல்க் ஓரளவு ஓகே ஆகியிருக்கு. மத்த ஆர்டர் எல்லாம் இன்னும் பீக்கர்லயேதான் இருக்கு. இதை உங்க வீட்ல கம்பெனிக்குப் போறவங்க யாராவது இருந்தா அவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க. கூடவே அவங்க டிபன் பையில ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலும் இருக்கான்னு பார்த்துடுங்க.